நம் ஊர் ஒரு வினைச்சொல்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நேற்று நீ போனை எடுத்து "ஹலோ ஹலோ" என்று கத்தியது எனக்குக் கேட்டது. "ஊமைக்கோட்டான் மாதிரி மூச்சு விடறதுக்கா போன் பண்ணே?" என்று திட்டிவிட்டு வைத்ததும் கேட்டது. பதில்தான் சொல்ல முடியவில்லை. என் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி போட்டுக் கட்டிவிட்டார்கள். மார்ச் கடைசி வரைக்கும் வாய் திறக்கக்கூடாது. சாப்பாடு எல்லாம் ஸ்ட்ராவில்தான். மெசேஜ் அனுப்பினால் உன் மகள்தான் முதலில் படிப்பாள். இது அவள் படிக்க வேண்டிய விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம்.

மாடிப்படியில் விழுந்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் பொய் எடுபடாது. அடித்தார்கள் அக்கா. என்னோடு வேலை செய்கிறவர்கள்தான்.

எங்கள் கம்பெனி கதவுக் கீல் செய்கிறது என்று உனக்குத் தெரியும். கோடையில் இழுத்து மூடப்போகிறார்கள். போன தீபாவளியிலிருந்தே மெஷின்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே போகிறது தெரியுமா? நம் ஊருக்கு. உலகத்தில் அவர்களுக்கு வேறு ஊரே கிடைக்கவில்லை.

இது தெரிந்த நாளிலிருந்து இங்கே நம் ஊர் ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கிலீஷில் நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, கடைசியில் ஒரு 'டு' ஒட்டினால் வேலை போச்சு என்று அர்த்தம். "பெயின்ட் ஷாப் பூராவும் நேத்து –டு." "என் மச்சானை வெள்ளிக்கிழமை –டு." நாம் சொல்லும்போது அந்தப் பெயர் எவ்வளவு சாவகாசமாக வாயிலிருந்து வரும்! இவர்கள் நடுவிலேயே கடித்துத் துப்புகிறார்கள். ஒருத்தன் சொன்னான், எங்கேயோ டிக்ஷனரியிலேயே போட்டிருக்கிறார்களாம். உண்மையோ புளுகோ, எனக்குத் தெரியாது.

மேனேஜர் என்னைக் கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டு, நம் ஊர் ஆட்களோடு போனில் பேசச் சொன்னார். லாரி திரும்ப இடம் இருக்கிறதா, கேட் எவ்வளவு அகலம், இதைத்தான் கேட்டேன். வெளியே நின்றவர்களுக்கு என் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நான்தான் வழிகாட்டி மெஷின்களை அனுப்பி வைக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

உடை மாற்றும் அறையில் கதவைச் சாத்தினார்கள். என்னைப் பெஞ்சில் குப்புறப் போட்டு ஒருவன் முதுகில் உட்கார்ந்தான். "உன் ஊர் பேரைச் சொல்லு" என்றார்கள். நம் வழக்கப்படி சொன்னேன். பெல்ட்டால் அடித்தார்கள். அவர்கள் சொல்கிற மாதிரி சொன்னேன். சிரித்துக்கொண்டே அடித்தார்கள். கடைசியில் நெட்டையன் வந்து மற்றவர்களை விலக்கினான். காப்பாற்ற வருகிறான் என்று நினைத்துத் தலையைத் தூக்கினேன். தூக்கிய தலையில் பூட்ஸ் காலால் உதைத்தான். இரும்பு முனை வைத்த பூட்ஸ். உள்ளே ஏதோ தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அது என் தாடை.

நெட்டையனைப் பற்றி உனக்கு நிறைய எழுதியிருக்கிறேன். மெஷினைப் பிரித்து மாட்டுகிற ஃபிட்டர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவன். மத்தியானம் அவன் டப்பாவும் என் டப்பாவும் ஒரே மேஜையில்தான் இருக்கும்.

போலீஸ் வந்தது. முகம் பார்க்கவில்லை என்று எழுதிக் காட்டினேன்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்தேன். பாத்திரம் கரிந்து வீடு பூராவும் புகை. உன் மாமா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவன் வாயத்தானே கட்டியிருக்காங்க, கையையுமா கட்டிட்டாங்க?" என்றார். நானும் அதைத்தான் கேட்கிறேன். எனக்கு எழுதுகிற கைதானே, அவன் பெயரையும் எழுது. ஒரே மேஜையில் சாப்பிட்டானாம். சாப்பிட்ட வாயை உடைக்கிறவனுக்கு என்னடா மரியாதை? நான் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் இரண்டு காலில் நடந்து போயிருக்க மாட்டான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நீ சொல்கிற அந்தக் கம்பெனி இங்கே வந்துவிட்டது. ஜனவரியிலிருந்து நான் அங்கேதான் வேலை செய்கிறேன். உன்னை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் வைத்திருந்தேன். ஆச்சரியப்படுத்துகிற லட்சணத்தைப் பார்.

கோபப்படாதே. இத்தனை வருஷம் வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்தே கண் போச்சு. இப்போது கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். தகட்டை அடித்துக் கீல் ஆக்குகிற பிரஸ் மெஷினில் முழுக்கப் பெண்கள்தான். கேட்டுக்கு மேலே நம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் ஓர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். ராத்திரியானால் லைட் எரியுமாம். நம் ஊர்ப் பெயரை அவ்வளவு பெரிதாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. முதல் நாள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. அதே பெயருக்காக அங்கே உன்னை அடிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கஞ்சியாவது நிறையக் குடி.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. முதலில் இதைப் பார். அங்கே வந்த பிரஸ்களில் ஒன்றின் இடது காலில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், வெல்டிங் தழும்பு இருக்கும். புது பெயின்ட் அடித்தாலும் தடவினால் கைக்குத் தெரியும். இங்கே அது ஏழாம் நம்பர். அது இருந்தால் அதில் உட்காராதே.

அந்த மெஷினின் கிளட்ச் சூடானால் அடிக்கிற மேல்பாகம் ஒரு தடவை இறங்கி ஏறியதும் நிற்காது. பட்டனைத் தொடாமலேயே தானாக இன்னொரு தடவை இறங்கும். அடித்த கீலை எடுக்க நீ கையை விடுகிற நேரம் அதுதான். நெட்டையனின் வலது கையில் இரண்டு விரல் அதில்தான் போயிற்று. அவனே ஃபிட்டர், அவனுக்கே அந்தக் கதி. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும். அங்கே அப்படித்தானா? யாராவது ஒரு பட்டனை ஆப்பு வைத்து அடைத்திருக்கிறார்களா?

எதுவாக இருந்தாலும் அந்த வேலையை விட்டுவிடு. என் வாயை உடைத்துவிட்டு வந்த மெஷின் அது. அதில் நீ உட்கார்ந்து, அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு விளக்கேற்ற வேண்டுமா? என்னை நினைத்திருந்தால் அந்தக் கேட்டுக்குள்ளேயே போயிருக்க மாட்டாய்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

தழும்பு இருக்கிறது. தடவிப் பார்த்தேன். இங்கே அதற்கு இரண்டாம் நம்பர். இடது பக்கப் பட்டனில் மரச்சக்கையைச் செருகி வைத்திருக்கிறார்கள். ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் எடுத்தால் வேலை வேகமாக நடக்கும் என்று சூப்பர்வைசரே செருகியது.

அவரிடம் போய்ச் சொன்னேன். "யாரும்மா சொன்னது?" "என் தம்பி சார், அங்கே இதே மெஷின்ல இருந்தான்." "அவனுக்கு வேலை போன வயித்தெரிச்சல். நீ அதைத் தூக்கிக்கிட்டு இங்க வர்றே" என்றார். அந்த மெஷினில் உட்கார மாட்டேன் என்றேன். பேக்கிங்குக்கு மாற்றினார். அதில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார். போன மாதம்தான் கல்யாணம் ஆனவள். எல்லோரும் புதுப்பொண்ணு என்றே கூப்பிடுகிறோம்.

சொன்னதைச் செய்தேன். ஆனால் வேலையை விட மாட்டேன். உன் வேலையை நான் திருடவில்லை. உன் வாயை நான் உடைக்கவில்லை. உன்னை நினைத்திருந்தால் உள்ளேயே போயிருக்க மாட்டேனாம். நீ விமானம் ஏறிய அன்று என்னை நினைத்தாயா? அம்மாவைக் கடைசி வரைக்கும் தூக்கிக் கழுவினது யார்? இத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்கென்று ஒன்று கிடைத்தால் அதுவும் உனக்கு உறுத்துகிறது. அந்த சூப்பர்வைசர் சொன்னது பொய் இல்லையோ என்று தோன்றுகிறது.

இனிமேல் எழுதாதே. நானும் எழுத மாட்டேன்.


மார்ச் 27

தம்பிக்கு,

எழுத மாட்டேன் என்றவள்தான் எழுதுகிறேன். 

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிற சமயம். நான் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். பிரஸ் இறங்குகிற சத்தம் நமக்குப் பழகிவிடும், காதில் விழாது. அன்றைக்கு ஒரு சத்தத்தின் முதுகிலேயே இன்னொன்று விழுந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்புவதற்குள் அவள் கத்தினாள். அப்புறம் கத்தவும் முடியவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

மணிக்கட்டு வரைக்கும் உள்ளே. மெஷின் அப்படியே நின்றுவிட்டது. மேலே தூக்க யாருக்கும் தெரியவில்லை. நான் அவளைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு பூராவும் என் மேல் சாய்ந்து கனத்தது. கேன்டீன் அக்கா ஓடிவந்து தன் புடவைத் தலைப்பைக் கிழித்து முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். "வண்டியக் கூப்பிடுங்க சார்!" என்று எல்லோரும் கத்துகிறோம். சூப்பர்வைசர் ஓடிவந்தார். என்ன செய்தார் தெரியுமா? குனிந்து அந்த மரச்சக்கையைப் பிடுங்கிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் போனை எடுத்தார்.

நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

மெக்கானிக் ஒருவர் வந்து ஸ்பேனரால் மெஷினைத் திருப்பி மேலே தூக்கிக் கையை விடுவித்தார். அவளை வண்டியில் ஏற்றும்வரை நான் எதுவும் செய்யவில்லை. வண்டி கேட்டைத் தாண்டியது. அவர் எங்களைப் பார்த்து, "கவனமா இருக்கணும்மா. தூக்கக் கலக்கத்துல வேலைக்கு வந்தா இப்படித்தான்" என்றார். அந்தப் பெரிய ஸ்பேனர் கீழே கிடந்தது. எடுத்தேன். பின்னாலிருந்து ஓங்கிய முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது தலையில். அவர் விழுந்த பிறகும் அடித்தேன். பிறகு மற்றவர்களும் வந்துவிட்டார்கள், செருப்பு, டிபன் டப்பா, கீல் கட்டு, கையில் கிடைத்தது எல்லாம். யாரோ ஒருத்தி அவர் பையில் கைவிட்டு அந்தச் சக்கையைத் தேடினாள், அதற்குள் அதை எங்கேயோ எறிந்துவிட்டிருந்தார். அவர் ரத்தத்தைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இல்லை. இப்போதும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிழைத்துக்கொண்டார். தலையில் தையல். அடித்தது யார் என்று மயக்கத்தில் தெரியவில்லை என்கிறார். போலீஸ் வந்து, புடவையில் ரத்தம் இருந்த கேன்டீன் அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிச் சாயந்திரம் வரை உட்கார வைக்கிறார்கள். நேற்று கன்னம் வீங்கி வந்தாள். அவள் வாயே திறக்கவில்லை.

புதுப்பொண்ணுக்குக் கையை எடுத்துவிட்டார்கள். வலது கை.

தொழிற்சாலை ஆய்வாளர் ஒரு அம்மா வந்தார். மெஷினில் கோளாறு இல்லை, அவளுடைய அஜாக்கிரதைதான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. அடுத்த மாதம் அதே மெஷினை ஓட்டப்போகிறார்கள், அதற்கு ஆளும் எடுத்தாயிற்று. அந்த அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "இது பழைய கோளாறுன்னு, கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு, அந்த மெஷினைப் பிரிச்சு வேலை பார்த்த ஒருத்தர் எங்கிட்ட சொல்லட்டும். மறுநாளே சீல் வைக்கிறேன். உங்க தம்பி ஓட்டினவர்தானே, பிரிச்சவர் இல்லையே."

பிரித்தவன் யார் என்று உனக்குத் தெரியும். கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். அந்த அம்மாவின் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

நேற்று போனில் சொன்னது பாதிதான். கம்பியை வெட்டிவிட்டார்கள், ஆனால் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. பேசினால் காது வரைக்கும் வலி இழுக்கிறது. மீதியை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெட்டையன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கை கதவிலேயே ஒட்டிக்கொண்டது, முகம் வெளுத்துவிட்டது. உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்டுக்கொண்டே அவன் வந்தான். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்திருக்கிறான், கையில் கத்தி.  கால் தானாகவே ஒரு படி கீழே இறங்கிவிட்டது.

"எதுக்கு வந்தே?" என்றான்.

"ஏழு ஓடுது" என்றேன். பல்லுக்கு நடுவிலிருந்து சொன்னதில் அவனுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "ஏழாம் நம்பர். எங்க ஊர்ல. ஒரு பொண்ணுக்குக் கை போயிடுச்சு."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். பிறகு, "அதை உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டோம்னு எங்கிட்ட சொன்னாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க" என்றான். சொல்லிவிட்டு உள்ளே போய், கிழங்கு இருந்த பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடித்தான். கண்ணாடி அலமாரி ஒன்று நொறுங்கியது. அவன் மனைவி ஓடிவந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். அவனை உதைத்து வெளியே தள்ள வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ள வேண்டும் என்கிற மாதிரி.

மூச்சு வாங்கி முடித்ததும், "யார்கிட்ட சொல்லணும்?" என்றான்.

அந்த ஆய்வாளர் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அவர் வீட்டில்தான் இருந்தார், உடனே எடுத்தார். நெட்டையன் இரண்டு வார்த்தை பேசியதும், "எனக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும் தம்பி. ஆனா இவர் பேசறது இங்கிலீஷ்தானான்னு சந்தேகமா இருக்கு. நீங்க சொல்லுங்க" என்றார். என் தாடையை உடைத்தவன் சொல்லச் சொல்ல, அந்தத் தாடையாலேயே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கிளட்ச் எப்படித் தேய்கிறது, எத்தனை தடவை எழுதிக் கொடுத்தான், எந்த மேனேஜர் வாங்கிக் குப்பையில் போட்டார், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். கடைசியில் மூன்று விரல் மட்டும் இருக்கும் கையைக் கேமரா முன்னால் விரித்துப் பிடித்தான்.

நடுவில் ஒரு இடத்தில், பழக்கதோஷத்தில், நம் ஊர்ப் பெயரை அந்த 'டு'வோடு சேர்த்துச் சொல்லிவிட்டான். நான், "எங்க வேலைய உங்க ஊருக்கு மாத்தினப்போ" என்று பூசி மெழுகினேன்.

அந்த அம்மா விடவில்லை. "அவர் அப்படிச் சொல்லலையே. நம்ம ஊர் பேர் மாதிரி ஏதோ காதுல விழுந்துச்சே?"

"ஆமாம்மா. இங்க அதுக்கு வேலை போச்சுன்னு அர்த்தம்."

 நெட்டையனுக்கு நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று புரிந்துவிட்டது. கழுத்து வரைக்கும் சிவந்து தரையைப் பார்த்தான். "சரி, மேல சொல்லச் சொல்லுங்க" என்றார் அம்மா.

போனை வைத்த பிறகு அவனிடம் சொன்னேன். "நாளைக்கு ஸ்டேஷன்ல உன் பேரைச் சொல்லப்போறேன்."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் பேசியிருக்க மாட்டேன்னு பயந்தியா?"

"ஆமா."

"பேசியிருக்க மாட்டேன்தான்" என்றான். "நீ எங்களைக் காட்டிக் கொடுத்தேன்னு நினைச்சேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். போய்ச் சொல்லு." கதவைச் சாத்திக்கொண்டான். மன்னிப்பு கேட்பான் என்று எதிர்பார்த்தேனா என்று கேட்காதே. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

மறுநாள் காலையில் போய் அவன் பெயரையும் மற்ற இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். சரியாகத் திறக்காத வாயால் வாந்தி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

வேலையை விடச் சொல்லி நான் எழுதியது தப்பு. அம்மாவைப் பார்த்துக்கொண்டது நீதான்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

சீல் வைத்துவிட்டார்கள். ஆய்வாளர் அம்மா நேரில் வந்து, மெயின் சுவிட்சில் கம்பியைச் சுற்றி ஈயக் குண்டை நசுக்கி முத்திரை குத்தினார். கம்பெனிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்ற மெஷின்களிலும் சக்கை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நான்கில் இருந்தது. தன் கையாலேயே பிடுங்கினார்.

இதைச் சொல்லலாம் என்று ஓட்டமும் நடையுமாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். புதுப்பொண்ணு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைப் பற்றி, நெட்டையனைப் பற்றி, சீல் வைத்தது வரை. திரும்பாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கேட்டாள்:

"அப்போ அந்த மெஷின் அப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும். அதான் சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்ல."

"அவர்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட ஏன் சொல்லலை?"

 ஒரே பஸ்ஸில் வருவோம் தம்பி. பத்து நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மாமியார் கதையெல்லாம் கேட்டுச் சிரித்திருக்கிறேன். உன் மேல் இருந்த கோபத்தில் உன் கடிதத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வைத்திருந்தேன். மாட்டேன் என்றால் என்னை மாற்றிவிடுவார்கள் என்பதோடு நின்றுவிட்டேன். அதில் அடுத்தது யார் உட்காருவார்கள் என்று யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேன். யோசித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவளிடம் இதில் எதையும் சொல்ல முடியவில்லை. "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். அவள் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் மாமியார் என் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டாள்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்கு வந்தேன். கேன்டீன் அக்கா வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "சூப்பர்வைசரை ஸ்பேனரால அடிச்சது நான்தான். இவங்க கட்டுப் போட்டாங்க, வேற எதுவும் செய்யலை" என்றேன். ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பேரு? ஊரு?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்களாம். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேப்பரும் பேனாவும் கேட்டதற்குக் கொடுத்தார்கள், இதை இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் மாமா தபாலில் சேர்ப்பார். அவர் என்னைத் திட்டவில்லை. வாசலில் நின்று, மகளுக்கு யார் தலை பின்னிவிடுவது என்று மட்டும் கேட்டார். "நீங்க கத்துக்குங்க" என்றேன்.

கேன்டீன் அக்காவைப் போகச் சொல்லிவிட்டார்கள். எழுந்தாள், செருப்பை மாட்டினாள், என் பக்கத்தில் வந்தாள். கட்டிப் பிடிக்கப்போகிறாள் என்று நினைத்து நானும் எழுந்தேன். ஓங்கிக் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். கான்ஸ்டபிள் பாய்ந்து வந்து பிடித்தார்.

"இதச் சொல்ல இத்தனை நாளாடி உனக்கு?" என்றாள். தன் வீங்கின கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

உன் அக்கா